இருண்ட கண்ணாடி எல்லாம் பாதுகாப்பு ஆகாது: பனிச்சறுக்குக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

புது தில்லி: குளிர்காலம் தொடங்கிவிட்டால் தலைநகரில் இருந்து மணாலிக்கும் ஸ்ரீநகருக்கும் ஜோஷிமட்டுக்கும் செல்லும் பயணிகளின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. பனியைப் பார்க்கச் செல்வோர் ஒரு வகை. பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக் கொண்டு சரிவில் இறங்கிப் பார்க்க விரும்புவோர் மற்றொரு வகை. கம்பளிச் சட்டை, கையுறை, காலுறை, காதுமூடி என ஒவ்வொன்றையும் தேடித் தேடி வாங்கும் இவர்களில் பலர், கண்ணுக்குரிய பாதுகாப்பை மட்டும் கடைசி நிமிடத்துக்கு ஒதுக்கி விடுகின்றனர். மலையடிவாரச் சாலையோரக் கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து, முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, பேரம் பேசி வாங்கி அணிந்து கொள்வதுடன் அந்த வேலை முடிந்து விடுகிறது.

பனிமலையில் குளிர் உடனே எச்சரிக்கை செய்யும். விரல் மரத்துப் போகும், பல் கிட்டும். ஒளி அப்படி எச்சரிப்பதில்லை. பகல் முழுவதும் மகிழ்ச்சியாக விளையாடியவர், இரவு உணவுக்குப் பிறகு கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போன்ற வலியுடன் துடிக்கும்போதுதான் பாதிப்பு தெரிய வருகிறது. அதற்குள் செய்ய வேண்டிய தடுப்புக்கான நேரம் கடந்து விடுகிறது. ஆகவேதான், எந்தக் கண்ணாடியை அணிவது என்ற கேள்வி அலங்காரம் சார்ந்ததாக இல்லாமல் பார்வை சார்ந்ததாகிறது.

பனிக்குருடு: விழியின் முன்புறத்தில் கண்ணாடி போலத் தெளிவாக அமைந்துள்ள படலம் கார்னியா எனப்படும். சூரியனின் புற ஊதாக் கதிர்களில், குறிப்பாக 'பி' வகைக் கதிர்களில் பெரும்பகுதியை இந்தப் படலமே உறிஞ்சிக் கொள்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சும்போது அதன் மேலடுக்கில் உள்ள உயிரணுக்கள் சிதைந்து உரிகின்றன. வெயிலில் தோல் கருகி உரிவதைப் போன்றதே இது. அடியில் உள்ள நரம்பு முனைகள் வெளிப்பட்டு விடுவதால் கடும் வலி, கண்ணீர், கண் சிவத்தல், வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, மங்கல் பார்வை ஆகியவை ஏற்படுகின்றன. இதையே பனிக்குருடு என்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது காலதாமதம். கதிர் பட்ட உடனே வலி தோன்றாது. பொதுவாக 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தோன்றும். பெரும்பாலானோருக்கு 1 முதல் 3 நாள்களில் படலம் தானாகவே ஆறி, பார்வை திரும்பி விடும். ஆனால், ஆள் நடமாட்டம் இல்லாத சரிவிலோ, உயரமான முகாமிலோ இருப்பவருக்கு அந்த இரண்டு நாள் பார்வையின்மையே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும். மேலும், ஆண்டுக்கணக்கில் சேரும் புற ஊதாக் கதிர் பாதிப்பு, கண்புரைக்கும் கண்ணின் வெண்பகுதியில் இருந்து சதை வளர்ந்து கார்னியாவை மூடுவதற்கும் காரணங்களில் ஒன்றாக மருத்துவ உலகால் ஏற்கப்பட்டுள்ளது. அந்தப் பாதிப்பு தானாக ஆறுவதில்லை.

உயரம், பனி, அட்சரேகை: சமவெளியில் ஜனவரி மாத வெயிலை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதே எண்ணத்துடன் மலைக்குச் செல்வதுதான் தவறு. நாம் உணரும் வெப்பத்துக்கும் புற ஊதாக் கதிருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உறைபனிக் குளிரிலும் அந்தக் கதிர் கடுமையாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்துக்கும் அதன் அளவு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குல்மார்க் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து அபர்வத் மலைக்குச் செல்லும் கம்பிவட ஊர்தியின் மேல் நிலையம் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1998-ல் முதல் கட்டமும் 2005-ல் இரண்டாம் கட்டமும் திறக்கப்பட்ட இந்த ஊர்தி, சாதாரணச் சுற்றுலாப் பயணியையும் சில நிமிடங்களில் அந்த உயரத்துக்குக் கொண்டு சேர்த்து விடுகிறது.

உயரத்தைவிடப் பெரிய காரணம் பனியே. புல்தரை தன் மீது விழும் புற ஊதாக் கதிரில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புகிறது. உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதம். புதிதாகப் பெய்த பனியோ 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். சமவெளியில் வெயில் மேலிருந்து மட்டும் வருகிறது; புருவமும் இமையும் தொப்பியின் விளிம்பும் அதைத் தடுக்கின்றன. பனிவெளியில் அது கீழிருந்தும் பக்கவாட்டில் இருந்தும் வருகிறது. கீழிருந்து வரும் ஒளிக்குப் புருவம் தடை ஆகாது; தொப்பியும் உதவாது.

மூன்றாவது காரணம், நம் மலைகள் அமைந்துள்ள இடம். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை ஏறத்தாழ 46 பாகை வட அட்சரேகையில் உள்ளது. குல்மார்க் 34 பாகையிலும், உத்தரகண்டின் ஔலி 30 பாகையைச் சற்றுக் கடந்தும் உள்ளன. மார்ச் மாதம் சமஇரவு நாளின் நண்பகலில் ஆல்ப்ஸில் சூரியன் அடிவானத்தில் இருந்து 44 பாகை உயரத்தில் நிற்கும்போது, குல்மார்க்கில் 56 பாகை உயரத்தில் நிற்கிறது. சூரியன் உயர உயர, வளிமண்டலத்தில் கதிர் கடந்து வரும் தூரம் குறைகிறது, கடுமை கூடுகிறது. எனவே, குளிர் நாடுகளுக்கு எழுதப்பட்ட ஆலோசனைகளை நம் மலைகளுக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல. டிசம்பரைவிட மார்ச்சில் கூடுதல் கவனம் தேவை என்பதும் இதனால் புலப்படும்.

எவரெஸ்டில் ஒரு பாடம்: இந்த அபாயத்தை அனுபவசாலிகளும் குறைத்து மதிப்பிட்டதற்குச் சான்று உண்டு. 1924-ல் எவரெஸ்ட் சென்ற பிரிட்டிஷ் குழுவின் தலைவர் எட்வர்ட் நார்ட்டன், ஜூன் 4-ஆம் தேதி ஆக்சிஜன் உதவியின்றி சுமார் 8,570 மீட்டர் உயரத்தை எட்டினார். அன்று பாறைகள் நிறைந்த சரிவில் ஏறுகையில் அவர் தம் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். அன்றிரவே பனிக்குருடு அவரைத் தாக்கியது. தொடர்ந்து சில நாள்கள் பார்வையின்றித் தவித்த அவரைப் பிறர் வழிநடத்திக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. காலடியில் பனி இல்லை என்பதால் கண்ணுக்கு ஆபத்து இல்லை என்று கருதிவிட முடியாது என்பதையே இந்த நிகழ்ச்சி உணர்த்துகிறது.

கறுப்பு நிறத்தின் ஏமாற்று: 'எவ்வளவு கறுப்போ அவ்வளவு பாதுகாப்பு' என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் கண்ணாடியின் நிறம் கட்டுப்படுத்துவது கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே. புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தடுப்பது வில்லை செய்யப்பட்ட பொருளும், அதில் சேர்க்கப்பட்ட வேதிப் பொருள்களும்தான். நிறமே இல்லாத தெளிந்த வில்லையும் அதை முழுமையாகத் தடுக்கலாம். அட்டைக் கறுப்பு நிற வில்லையும் அதை உள்ளே விட்டுவிடலாம்.

தரமற்ற கறுப்புக் கண்ணாடி வெறுங்கண்ணைவிட மோசமாகவும் அமையக்கூடும். வெளிச்சம் குறைந்ததும் கண்ணின் பாவை விரிகிறது. கூச்சம் இல்லாததால் கண்ணைச் சுருக்கிக் கொள்ளும் இயல்பான தற்காப்பும் நின்று விடுகிறது. விரிந்த பாவை வழியே, தடுக்கப்படாத கதிர் கூடுதலாக உள்ளே செல்கிறது. அணிந்தவரோ பாதுகாப்பாக இருப்பதாக நம்பி நாள் முழுவதும் பனியில் நிற்கிறார்.

வில்லையின் மேல் பூசப்படும் பாதரசம் போன்ற பளபளப்புப் பூச்சுக்கும் இதே விளக்கம் பொருந்தும். அது கூச்சத்தைக் குறைக்கும். புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்கான உறுதிமொழி ஆகாது. நல்ல பனிச்சறுக்குக் கண்ணாடிகளின் வில்லைகள் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் செய்யப்படுகின்றன. இந்தப் பொருள் இயல்பிலேயே புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ முழுவதையும் உறிஞ்சிக் கொள்ளும். விழுந்து அடிபட்டாலும் சாதாரணக் கண்ணாடியைப் போலச் சில்லுகளாக உடைந்து கண்ணில் பாயாது. வேகமாக இறங்கும் விளையாட்டில் இந்த இரண்டாவது குணமும் முதல் குணத்துக்கு நிகரானது.

பார்க்க வேண்டிய எண்கள்: கண்ணாடியை வாங்கும்போது மூன்று விவரங்களைப் பார்த்தால் போதும். முதலாவது, 'யு.வி. 400' என்ற குறிப்பு. 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள கதிர்களை, அதாவது புற ஊதாக் கதிர்கள் அனைத்தையும் வில்லை தடுக்கிறது என்பது இதன் பொருள்.

இரண்டாவது, தர நிர்ணய எண். பனிச்சறுக்குக்கான கண்ணாடிகளுக்கு 2021-ல் வெளியிடப்பட்ட 'ஐ.எஸ்.ஓ. 18527-1' என்ற சர்வதேசத் தரம் உள்ளது. அதற்கு முன் தயாரான ஐரோப்பியக் கண்ணாடிகளில் 'ஈ.என். 174' என்ற எண் இருக்கும். சாதாரண வெயில் கண்ணாடிகளுக்கு உரியது 'ஐ.எஸ்.ஓ. 12312-1'. ஐரோப்பியச் சந்தைக்கான 'சி.இ.' முத்திரை மட்டும் இருந்து, தர எண்ணோ தயாரிப்பாளர் பெயரோ இல்லாவிட்டால் அதை நம்பி வாங்குவது உசிதமல்ல. ஒட்டுத்தாளை யார் வேண்டுமானாலும் அச்சிட்டு ஒட்டலாம். சட்டத்திலோ பட்டையிலோ பொறிக்கப்பட்ட விவரமும், உள்ளே வைக்கப்பட்ட விளக்கத் தாளும் ஓரளவு நம்பத்தகுந்தவை.

மூன்றாவது, ஒளி ஊடுருவும் அளவைக் குறிக்கும் வகை எண். இது 0 முதல் 4 வரை இருக்கும். பனிச்சறுக்குக் கண்ணாடிகளில் இதற்கு முன் 'எஸ்' என்ற எழுத்து சேர்க்கப்படுவது உண்டு. 0 வகை வில்லை, தன் மீது விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடும். 1-ஆம் வகை 43 முதல் 80 சதவீதம் வரையும், 2-ஆம் வகை 18 முதல் 43 சதவீதம் வரையும், 3-ஆம் வகை 8 முதல் 18 சதவீதம் வரையும், 4-ஆம் வகை 3 முதல் 8 சதவீதம் வரையும் உள்ளே விடும்.

நம் இமயமலைச் சரிவுகளில் மேகமற்ற பகலுக்கு 3-ஆம் வகை பொருத்தமானது. மிக உயர்ந்த பனியாறுகளுக்குச் செல்லும் மலையேறிகளுக்கு 4-ஆம் வகை தேவைப்படும். 4-ஆம் வகைக் கண்ணாடியை அணிந்து வாகனம் ஓட்டக் கூடாது என்பது அதன் விதிகளிலேயே உள்ளது. பனிச்சரிவில் இருந்து இறங்கி அதே கண்ணாடியுடன் காரின் ஓட்டுநர் இருக்கையில் அமர்வோர் இதை மறக்கலாகாது.

வானிலைக்கு ஏற்ற வில்லை: மலையில் காலை வானம் போல் மாலை வானம் இருப்பதில்லை. காலையில் கண்ணைப் பறித்த சரிவு, பிற்பகலில் மேகமும் பனித்தூறலும் சூழ்ந்து ஒரே வெண்மையாகக் காட்சி தரும். அப்போது மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. பனிச்சறுக்கில் பலர் தடுமாறி விழுவது இத்தகைய நிழலற்ற வெளிச்சத்தில்தான். அந்நேரத்தில் கறுப்பு வில்லை நிலைமையை மேலும் கெடுக்கும். மஞ்சள், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் அமைந்த 1-ஆம் வகை வில்லைகள் மேடு பள்ளங்களைச் சற்றுத் துலக்கிக் காட்டும். பழுப்பு, செம்பு நிற வில்லைகள் நடுத்தர வெளிச்சத்துக்கு ஏற்றவை. சாம்பல் நிறம், நிறங்களை மாற்றாமல் கூச்சத்தை மட்டும் குறைக்கும்.

வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும் வில்லைகளும் உண்டு. இவை வசதியானவை என்றாலும், மாறுவதற்குச் சிறிது நேரம் எடுத்துக் கொள்ளும். வெயிலில் இருந்து திடீரென மரநிழலுக்குள் பாய்ந்து செல்பவருக்கு அந்த நேரம் கிடைக்காது. ஒளிச் சிதறலைத் தடுக்கும் 'போலரைஸ்டு' வில்லைகள் கண்ணுக்கு இதமளிக்கும். ஆனால், இறுகிய பனிக்கட்டியின் பளபளப்பையும் அவை மறைத்து விடுவதால், எங்கே வழுக்கும் என்று கணிப்பது கடினமாகலாம். ஒரே ஒரு கண்ணாடிதான் வாங்க முடியும் என்பவர்கள், வில்லையைக் கழற்றி மாற்றக்கூடிய சட்டத்துடன், வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என இரு வில்லைகள் உள்ளதை வாங்குவது சிக்கனமானது. மேகமூட்டத்தின்போது கண்ணாடியைக் கழற்றி விடுவது மட்டும் கூடாது. மெல்லிய மேகம் வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை நிறுத்தி விடாது.

முகத்தோடு பொருந்துதல்: வில்லை எவ்வளவு தரமானதாக இருந்தாலும், பக்கவாட்டிலும் கீழேயும் இடைவெளி இருந்தால் பயன் பாதியாகி விடும். தெருவில் அணியும் கூலிங் கிளாஸுக்கும் பனிச்சறுக்குக் கண்ணாடிக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே. பின்னது முகத்தோடு நுரைப் பஞ்சால் ஒட்டி, மீள்தன்மை உள்ள பட்டையால் தலையைச் சுற்றி இறுக்கப்படுகிறது. காற்று, பனித்துகள், கதிர் ஆகிய மூன்றுக்கும் அது வழிவிடுவதில்லை. சரிவில் இறங்காமல் பனியில் நடந்து மட்டும் செல்வோருக்குப் பக்கத் தடுப்புகள் கொண்ட, முகத்தைச் சுற்றி வளைந்த வெயில் கண்ணாடி போதுமானது.

கடையிலேயே அணிந்து பார்ப்பது அவசியம். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து லேசாக அழுத்தினால், நுரைப் பஞ்சு நெற்றி, கன்னம், மூக்குப் பாலம் ஆகிய எங்கும் சீராகப் படிய வேண்டும். மூக்கருகே வெளிச்சம் புகுந்தால் அந்த அளவு ஒத்துவராது. மேலை நாட்டவரின் மூக்கமைப்புக்குச் செய்யப்பட்டவை நம்மில் பலருக்கு மூக்குப் பகுதியில் இடைவெளி விடுவது உண்டு. பனிச்சறுக்கில் தலைக்கவசம் இன்றியமையாதது என்பதால், அதையும் சேர்த்து அணிந்து பார்க்க வேண்டும். கவசத்தின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையே நெற்றி தெரியக் கூடாது. கவசம் கண்ணாடியைக் கீழே தள்ளி மூச்சை அடைக்கவும் கூடாது.

ஆவி படிதல்: கண்ணாடியைக் கழற்ற வைக்கும் முதல் காரணம் ஆவி. முகத்தின் சூடான, ஈரமான காற்று குளிர்ந்த வில்லையில் பட்டதும் நீர்த்துளிகளாகப் படிகிறது. இதைத் தவிர்க்கவே, நடுவில் காற்று அடைக்கப்பட்ட இரட்டை வில்லைகள் பயன்படுத்தப்படுகின்றன. உள்வில்லை குளிர்ந்து போகாமல் இந்தக் காற்றடுக்கு காக்கிறது. சட்டத்தின் மேலும் கீழும் உள்ள துளைகள் ஈரத்தை வெளியேற்றுகின்றன. ஒற்றை வில்லை உள்ள மலிவான கண்ணாடிகளில் இந்த வசதி இல்லை.

நல்ல கண்ணாடியையும் பழக்கத்தால் கெடுத்து விடலாம். ஓய்வு நேரத்தில் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்தால், தலையின் வியர்வை ஆவியாகி உள்ளே படியும். உள்வில்லையில் ஆவி படியாமல் இருக்கப் பூசப்பட்ட பூச்சு மிக மென்மையானது. அதைக் கைக்குட்டையால் தேய்த்தால் பூச்சு போய்விடும். மென்துணியால் ஒற்றி எடுத்து உலர விடுவதே முறை. முகத்தை மூடும் கம்பளித் துணியைக் கண்ணாடிக்கு உள்ளே செருகினால், மூச்சுக்காற்று முழுவதும் வில்லையில்தான் போய் நிற்கும்.

மூக்குக் கண்ணாடி அணிவோரும் குழந்தைகளும்: பார்வைக் குறைபாடு உள்ளோருக்கு மூன்று வழிகள் உள்ளன. மூக்குக் கண்ணாடியின் மேலேயே அணியும்படி ஆழமாக அமைக்கப்பட்ட கண்ணாடிகள் கிடைக்கின்றன. அவற்றில் காதுப் பக்கம் கம்பி செல்ல நுரைப் பஞ்சில் வெட்டு இருக்கும். உள்ளே பொருத்தும் பவர் வில்லையைக் கண் கண்ணாடிக் கடையில் செய்து கொள்ளலாம். கான்டாக்ட் லென்ஸ் அணிவது மூன்றாவது வழி. கான்டாக்ட் லென்ஸ் விழி முழுவதையும் மூடுவதில்லை. எனவே அதற்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் தேவை.

குழந்தைகளின் விழி வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது என்பதால், கூடுதலான புற ஊதாக் கதிர் கண்ணின் உட்பகுதி வரை செல்கிறது. உயரம் குறைவாக இருப்பதால் பனிக்கு அருகிலும் அவர்கள் முகம் இருக்கிறது. ஆனால், சுற்றுலாத் தலங்களில் பெற்றோர் நல்ல கண்ணாடி அணிந்து, குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கிய வண்ணக் கண்ணாடியை மாட்டி விடுவதைக் காணலாம். வரிசை மாற வேண்டும். ஒரே ஒரு தரமான கண்ணாடி வாங்க முடியுமானால், அது குழந்தைக்கு உரியது.

வீட்டில் ஒரு சோதனை: பல கண் கண்ணாடிக் கடைகளில் வில்லையின் புற ஊதாத் தடுப்பை அளக்கும் சிறு கருவி உண்டு. ஊரில் இருந்து கிளம்பும் முன் அங்கே சோதித்துக் கொள்வது நம்பகமானது. அந்த வசதி இல்லாதபோது, கள்ள நோட்டைக் கண்டறியப் பயன்படும் புற ஊதா விளக்கைக் கொண்டு ஓரளவு அறியலாம். ரூபாய் நோட்டின் வரிசை எண்கள் அந்த விளக்கொளியில் ஒளிரும். விளக்குக்கும் நோட்டுக்கும் இடையே வில்லையைப் பிடித்தால் அந்த ஒளிர்வு மறைய வேண்டும். மறையாவிட்டால் கண்ணாடியை ஒதுக்கி விடலாம். மறைந்தால் அது 'ஏ' வகைக் கதிரின் ஒரு பகுதியைத் தடுக்கிறது என்று மட்டுமே பொருள். முழுமையான நற்சான்று ஆகாது. நீலநிற வெளிச்சம் அதிகம் கலந்த மலிவான விளக்குகளில் இந்தச் சோதனை சரியான முடிவைத் தராது.

பாதிப்பு ஏற்பட்டால்: பனியில் இருந்து திரும்பிய இரவில் கண் உறுத்தி எரிந்தால் தேய்க்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் உடனே அகற்ற வேண்டும். இருட்டறையில் கண்மூடி ஓய்வெடுத்து, குளிர்ந்த ஈரத்துணியை இமைகளின் மேல் வைக்கலாம். கண்ணீருக்கு மாற்றான சொட்டு மருந்து உறுத்தலைத் தணிக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மரப்பு மருந்து வலியை மறைத்தாலும், படலம் ஆறுவதைத் தடுத்து விடும். மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்தையும் இடக்கூடாது. வலி கடுமையாக இருந்தாலும், ஓரிரு நாளில் தெளியாவிட்டாலும் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி நின்றாலும் முழுமையாக ஆறும் வரை பனிக்குத் திரும்பலாகாது. மலையில் கண்ணாடி தொலைந்து போனால், அட்டையில் மெல்லிய பிளவுகள் இட்டுக் கண்ணுக்கு முன் கட்டிக் கொண்டு இறங்கி விடலாம். வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் இத்தகைய பிளவுக் கண்ணாடிகளையே காலங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர்.

பனியிலேயே பிழைப்போர்: இரண்டு நாள் பயணிக்கு இவ்வளவு முன்னெச்சரிக்கை தேவையென்றால், பருவம் முழுவதும் பனியிலேயே நிற்போரின் நிலை என்ன என்ற கேள்வி எழுகிறது. குல்மார்க்கில் பயணிகளை மரச் சறுக்குப் பலகையில் அமர்த்தி இழுத்துச் செல்வோர், மட்டக்குதிரைக்காரர்கள், சோலாங்கிலும் ஔலியிலும் பயிற்சி அளிப்போர், ஜோஜிலா கணவாயில் வசந்த காலத்தில் பனியை வெட்டிச் சாலையைத் திறக்கும் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இது விளையாட்டல்ல, அன்றாடப் பிழைப்பு. ஒரு பருவத்தில் ஒரு பயணி பெறும் கதிரின் பல மடங்கை அவர்கள் பெறுகின்றனர். நீண்ட காலப் பாதிப்பான கண்புரை முதலில் தேடிச் செல்வது இத்தகையோரையே.

நாட்டின் எல்லையைக் காப்போரின் நிலையும் ஒரு காலத்தில் விவாதத்துக்கு உள்ளானது. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, சியாச்சின் உள்ளிட்ட மிக உயர்ந்த பகுதிகளுக்கான உடைகள், கருவிகள் கொள்முதலை ஆராய்ந்தது. பனிக் கண்ணாடிகளில் 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை இருந்ததாக அதில் சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. அறிக்கை குறிப்பிடுவது முந்தைய ஆண்டுகளின் நிலை என்றும், அதன் பின் நிலைமை பெரிதும் மேம்பட்டு விட்டதாகவும் ராணுவத் தரப்பில் அப்போது விளக்கம் அளிக்கப்பட்டது. எனினும், பனிக் கண்ணாடி என்பது துணைப் பொருள் அல்ல, அடிப்படைத் தேவை என்பதை நாடாளுமன்றம் வரை கொண்டு சென்ற ஆவணமாக அது அமைந்தது.

செய்ய வேண்டியது: 2020-ல் குல்மார்க்கில் முதன்முறையாக 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. 2022-ல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்ற ஆரிப் கான், அதே மலைப்பகுதியில் பனிச்சறுக்குக் கற்றவர். இந்த விளையாட்டை இந்தியாவில் வளர்க்க வேண்டும் என்ற ஆர்வம் அரசுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், கட்டைகளும் காலணிகளும் வாடகைக்குக் கிடைக்கும் கடைகளில், தர எண் பொறித்த கண்ணாடியும் தவறாமல் கிடைக்கச் செய்வது அந்த ஆர்வத்தின் ஒரு பகுதியாக வேண்டும். உரிமம் வழங்கும் சுற்றுலாத் துறைகள் இதை ஒரு நிபந்தனையாக்குவது கடினமான செயலல்ல. கம்பிவட ஊர்தி நிலையத்தில் அபாய அறிவிப்புகளுடன் கண்ணாடி பற்றிய ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் பெரிய செலவும் ஆகாது. சறுக்குப் பலகை இழுப்போருக்கும் குதிரைக்காரர்களுக்கும் பருவத் தொடக்கத்தில் ஆளுக்கொரு தரமான கண்ணாடி வழங்குவது, பின்னர் அவர்களுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்வதைவிட எளிது.

அதுவரை பயணிகள் தம்மைத் தாமே காத்துக் கொள்வதே வழி. கண்ணாடியின் நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன், 'யு.வி. 400' குறிப்பு, தர எண், வகை எண் ஆகிய மூன்றையும் பார்த்து, முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும். மலையடிவாரத்தில் வாங்கிக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடாமல், கம்பளிச் சட்டை வாங்கும் நாளிலேயே இதையும் வாங்கி விடுவது நல்லது.